ஊரில் பன்னாட்டுத் தொண்டர் முகாம் நடத்துவது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைச் சங்கங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பல நாட்டு இளைஞர் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து, இரண்டு கிழமை ஊரில் தங்கி, ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு பொது வேலையைச் செய்துவிட்டுப் போவதே பன்னாட்டுத் தொண்டர் முகாம். நாம் பழகிய சிரமதானத்தின் நெருங்கிய உறவு என்று சொல்லலாம். அதைச் சுனாமிக்குப் பிந்திய உதவிப் பணிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2004க்குப் பிறகு நாவலடியிலும் கல்முனையிலும் திருக்கோவிலிலும் வந்து இறங்கிய நிறுவனங்கள் பணத்தோடும் பொருளோடும் வந்தன. முகாமுக்கு வருகிறவர்கள் கைகளை மட்டுமே கொண்டு வருகிறார்கள், அதுவும் மண்வெட்டி பிடித்துப் பழகாத கைகள். தங்கள் விமானச் சீட்டுக்குத் தாங்களே காசு கொடுத்து வருகிறவர்கள் அவர்கள்.

இந்த முறை 1920இல் தொடங்கியது. முதலாம் உலகப் போரில் சிதைந்த வெர்டன் நகருக்கு அருகே, எஸ்ன் என்ற பிரெஞ்சுக் கிராமத்தில், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரசோல் ஒரு சிறு குழுவோடு இடிபாடுகளைத் திருத்தப் போனார். குழுவில் ஜெர்மானியரும் இருந்தார்கள். அதற்கு எதிர்ப்பு எழுந்தது, சில மாதங்களில் முகாம் நின்றது. அந்த முயற்சியிலிருந்து வளர்ந்த சேர்விஸ் சிவில் இன்டர்நெஷனல் இன்று பல நாடுகளில் முகாம் நடத்துகிறது, இலங்கையிலும் அதற்குக் கிளை உண்டு. இப்படியான அமைப்புகளை இணைக்கும் ஒருங்கிணைப்புக் குழு 1948இல் யுனெஸ்கோவின் ஆதரவில் உருவானது. முதல் முகாமே ஊரின் சம்மதத்தில் தடுக்கி விழுந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முகாம் நடத்த நினைக்கும் கிராம அபிவிருத்திச் சங்கமோ இளைஞர் கழகமோ மீனவர் சங்கமோ முதல் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்க வேண்டும். வெளிநாட்டவர் ஒருவரும் வராவிட்டாலும் இந்த வேலையை இந்த வருடம் செய்வோமா? செய்வோம் என்று ஊர் சொன்னால் முகாம் வைக்கலாம். ‘வந்தால் செய்யலாம்’ என்பது பதிலானால், வேறு வேலை தேடுங்கள். விருந்தினருக்காகக் கண்டுபிடித்த வேலை அவர்கள் பஸ் ஏறிய மறுநாளே கைவிடப்படும். சுவரில் கைரேகை பதித்து வரைந்த ஓவியங்கள் பாசி பிடித்துக் கிடப்பதும், அரைகுறையாகக் கட்டிய பூங்காவில் மாடு படுத்திருப்பதும் அந்தக் கேள்வியைக் கேட்காததன் விளைவு.

முதல் படி: கையிருப்பில் எத்தனை மணித்தியாலம்?

வேலையைத் தெரிவு செய்வதற்கு முன் உழைப்பைக் கணக்கிடுங்கள். வெளியூரார் பத்துப் பேர், உள்ளூரார் எட்டுப் பேர், பதினைந்து நாள் முகாம் என்று வைப்போம். வரும் நாள், போகும் நாள், அறிமுகத்துக்கும் கருவிப் பயிற்சிக்கும் ஒரு நாள், ஓய்வு இரண்டு நாள், கடைசியில் துப்புரவுக்கும் ஒப்படைப்புக்கும் ஒரு நாள். மிஞ்சுவது ஒன்பது நாள். ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலம் என்றால் காகிதத்தில் 810 மணித்தியாலம் வரும்.

அந்த 810ஐ நம்பித் திட்டம் போடக் கூடாது. தினமும் இரண்டு பேர் சமையல் முறையில் இருப்பார்கள், ஒருவர் வயிற்றுப்போக்கோடு படுத்திருப்பார். ஆக பதினைந்து பேர். தண்ணீர் குடிக்க, கருவி எடுக்க, சொன்னதை மொழிபெயர்க்க என்று போனால் ஐந்து மணித்தியாலத்தில் நான்குதான் வேலை. 15 x 4 x 9, அதாவது 540. காகிதக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு. இந்த 540க்குள் முடியும் வேலையைத்தான் எடுக்க வேண்டும். மிஞ்சினால் செய்வதற்கு ஒரு சிறு வேலையைக் கையில் வைத்திருங்கள். முடியாத வேலையை விட்டுப் போகிற குழுவும் சோர்ந்து போகும், அதைப் பார்க்கிற ஊரும் சோர்ந்து போகும்.

இரண்டாம் படி: வேலையைத் தெரிவு செய்தல்

முன்பள்ளித் திருத்தம் பழகாத கைகளுக்கு ஏற்றது. அளவு இப்படி வரும். 6 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரமுள்ள ஓர் அறையின் சுவர்ப்பரப்பு 66 சதுர மீற்றர். கதவு, யன்னலுக்கு 10 கழித்தால் 56. வழவழப்பான சுவரில் ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 10 சதுர மீற்றர் ஓடும். ஆகவே இரண்டு பூச்சுக்கு 12 லீற்றர் வாங்குங்கள். அடிப்பூச்சு ஒரு லீற்றருக்கு 8 சதுர மீற்றர் என்று பிடித்தால் 7 லீற்றர் வேண்டும். சொரசொரப்பான வெளிச்சுவர் இதைவிட அதிகமாகக் குடிக்கும், மூன்றில் ஒரு பங்கு கூட்டி வாங்குங்கள். உழைப்பைப் பொறுத்தவரை, புதியவர் ஒருவர் மணிக்கு 4 சதுர மீற்றர் சுரண்டுவார், 5 சதுர மீற்றர் பூசுவார் என்று கணக்கில் வையுங்கள். ஓர் அறைக்குச் சுரண்டல் 14 மணித்தியாலம், மூன்று பூச்சு 34 மணித்தியாலம், மொத்தம் 48. இரண்டு அறை, வெளிச்சுவர், யன்னல், கதவு எல்லாம் சேர்ந்து 200க்குள் அடங்கும்.

பூச்சு உரிந்து போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். முகாமுக்கு முந்திய கிழமை மேசனைப் பிடித்து அவசரமாகச் சாந்து பூசுவார்கள். புதிய சாந்து காய்ந்து இறுக நான்கு கிழமை வேண்டும். அதற்கு முன் பூசினால் உள்ளிருக்கும் ஈரமும் சுண்ணத்தன்மையும் பூச்சைத் தள்ளிவிடும். கடலோரச் சுவர்களில் உப்புப் பூத்திருக்கும். அதைத் தும்புத் தூரிகையால் உலர்வாகத் தேய்த்து, கழுவி, இரண்டு நாள் காயவிட்ட பிறகே அடிப்பூச்சு.

வேலியும் நல்ல வேலை. 30 x 25 மீற்றர் வளவுக்குச் சுற்றளவு 110 மீற்றர். இரண்டரை மீற்றருக்கு ஒரு தூண் என்றால் 44 தூண், கேற்றுக்கு மேலதிகமாக இரண்டு. அரை மீற்றர் ஆழக் குழிக்கு இரண்டு பேர் அரை மணித்தியாலம் என்று வைத்தால் ஒரு குழிக்கு ஒரு ஆள் மணித்தியாலம், மொத்தம் 46. ஆனால் மண்ணைப் பாருங்கள். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரை மணலில் குழி லேசாக இறங்கும், பக்கம் சரிந்து மூடும். வாவிக்கு மேற்கே வயல்பக்கமான படுவான்கரைக் களி ஓகஸ்டில் கல்லாக இறுகிக் கிடக்கும். முந்திய நாள் மாலையே குறியிட்ட இடங்களில் ஒவ்வொரு வாளி தண்ணீர் ஊற்றிவையுங்கள், காலையில் அலவாங்கு இறங்கும். கொங்கிரீட் தூண்களை முகாமுக்கு ஒரு மாதம் முன்பே வார்த்து நனைத்துவைக்க வேண்டும். கம்பி இழுத்துக் கட்டுவதை மட்டும் ஊரின் கைதேர்ந்த ஆளிடம் விட்டுவிடுங்கள். இறுக்கிய முட்கம்பி விடுபட்டுத் தெறித்தால் முகத்தைத்தான் தேடி வரும்.

கண்டல், அதாவது உவர்நீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மர நடுகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாவிக்கரையில் முகாம் என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது அதுதான். படத்துக்கும் அழகு, வெளிநாட்டுத் தொண்டருக்கும் விருப்பம். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நடந்த கண்டல் நடுகைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்று 23 இடங்களைப் பார்த்தது. ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் நட்டதில் 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே தேறியிருந்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பிழையான மட்டத்தில் நட்டதும், நட்டபின் பராமரிக்காததுமே முக்கிய காரணங்கள்.

மட்டக்களப்பு வாவியில் இது எப்படி நடக்கும் என்று பாருங்கள். நமது கரையில் வற்று பெருக்கு மிகச் சிறியது. வாவியின் மட்டத்தை ஆட்டிவைப்பது மாரி மழையும், பாலமீன்மடுவிலும் கல்லாற்றுப் பக்கத்திலும் உள்ள முகத்துவாரங்கள் திறந்திருக்கின்றனவா அடைபட்டிருக்கின்றனவா என்பதும்தான். ஓகஸ்டில் வற்றிக் கிடக்கும் சேற்றில் வரிசை கட்டி நட்ட கன்று, மார்கழியில் கிழமைக்கணக்கில் முழுதாக மூழ்கும். மூச்சு விட வழியில்லாமல் அழுகும். மாரியில் தண்ணீர் ஓரத்தைப் பார்த்து நட்டால், கோடையில் வீசும் வறண்ட கச்சான் காற்றில் அது காய்ந்து கருகும். இரண்டுக்கும் இடைப்பட்ட மட்டம் எது என்பதை, அந்தக் கரையில் ஏற்கெனவே தானாக முளைத்து நிற்கும் இளங்கன்றுகள்தான் காட்டும். அவை நிற்கும் உயரத்தில் மட்டுமே நட வேண்டும். அப்படி ஒன்றுகூட இல்லாத கரையில் நடுவது வீண்.

ஒரு மீற்றர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேயருக்கு 10,000 கன்று. பதினைந்து நாள் முகாம் அதற்குக் காணாது. தேவையும் இல்லை. கண்டற்காட்டுக்கு முகாம் செய்யக்கூடிய உருப்படியான உதவி வேறு. வேர்களில் சிக்கிய அறுந்த வலை, பொலித்தீன், போத்தல்களை எடுப்பது, தானாக முளைக்கும் கன்றுகளை மாடு மேயாதபடி தடுப்பு அடைப்பது, நாற்றுமேடைக்குப் பை நிரப்புவது. புதியவர் மணிக்கு 40 பை நிரப்புவார் என்று வைத்தால், பத்துப் பேர் இரண்டு காலையில் 2,000ஐத் தாண்டுவார்கள். எதைச் செய்வதானாலும் வன இலாகாவின் எழுத்து அனுமதி முதலில் வேண்டும். அந்தக் கரையில் வலை போடும் மீனவர் சங்கத்தின் சம்மதம் அதற்கும் முந்தியது. அவர்களின் தோணி வழியை மறித்து நட்ட கன்று ஒரு மாதமும் நிற்காது.

ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பரிலும் முகாம் என்றால் பனை விதைப்பு இந்தக் கரைக்கு மிகவும் பொருந்தும். அந்தக் காலத்தில் பழம் விழுந்துகொண்டிருக்கும், மழை ஒக்டோபரில் பிடிக்கும். பனங்கொட்டையின் முளை முதலில் நிலத்துக்குள் இறங்கிப் பிறகே இலை விடும் என்பதால் கன்றாக்கி இடம்மாற்றுவது கடினம், நிற்க வேண்டிய இடத்திலேயே புதைக்க வேண்டும். மூன்று மீற்றருக்கு ஒரு கொட்டை, ஒரு சாண் ஆழக் குழி. ஒரு கிலோமீற்றருக்கு 334 கொட்டை. முளைக்காதவற்றை ஈடுசெய்யக் குழிக்கு இரண்டு போட்டால் 670 அளவில் வேண்டும். மூன்றே காலையில் முடியும். முளைத்த பின் மாடும் ஆடும் தின்பதும் தீ வைப்பதும்தான் எதிரிகள்.

சிறுவர் இல்லங்களில் ‘பிள்ளைகளோடு விளையாடும்’ முகாம் வேண்டவே வேண்டாம். இரண்டு கிழமை பாசம் காட்டிவிட்டுப் போகிற முகங்கள் மாறி மாறி வருவது, ஏற்கெனவே பிரிவைச் சுமக்கும் பிள்ளைக்குக் காயம். ஆங்கில வகுப்பு வைப்பதென்றால் ஊரின் ஆசிரியர் ஒருவர் எந்நேரமும் வகுப்பில் இருக்க வேண்டும், வந்தவர் அவருக்கு உதவியாளர் மட்டும்.

மூன்றாம் படி: நாள் பார்த்தல்

ஐரோப்பிய மாணவருக்கு விடுமுறை யூலை, ஓகஸ்டில். நமக்கோ அது கச்சான் வீசும் காலம். பகல் வெப்பம் 35 பாகைக்குப் போகும், கிணறுகள் அடிக்குப் போகும். பெப்ரவரி, மார்ச் இதமானது. ஆனால் ஐரோப்பியர் குறைவாக வருவார்கள், யப்பான், கொரியா மாணவருக்கு அப்போது விடுமுறை. அவர்களை எதிர்பார்க்கலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை முகாம் வைக்கவே கூடாது. வெள்ளம், டெங்கு, அடைபட்ட பாதைகள்.

ஊரின் நாட்காட்டியை அதன்மேல் வைத்துப் பாருங்கள். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கும் ஊரில் மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாம் ஒதுங்கிவிடும், முகாம் அடுப்பும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கம், ஆவணியை ஒட்டிக் கொக்கட்டிச்சோலை, மண்டூர்த் திருவிழாக்கள். அந்த நாட்களில் உள்ளூர்த் தொண்டர் ஒருவரும் வேலைக்கு வரமாட்டார்கள், வரவும் தேவையில்லை. ஓய்வு நாளை அதில் பொருத்துங்கள். முஸ்லிம் இளைஞரும் சேரும் முகாம் என்றால் நோன்பு மாதத்தைத் தவிருங்கள். 2026இலும் 2027இலும் நோன்பு பெப்ரவரியில் தொடங்குவதால் இந்தச் சிக்கல் இப்போது நேரடியாக மோதுகிறது. வெள்ளிக்கிழமை நண்பகலில் வேலை வைக்காதீர்கள். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் படுவான்கரையில் ஆள் கிடைப்பது அரிது.

பல நாட்டுத் தொண்டரைத் திரட்டி அனுப்பும் முகாம் வலையமைப்புகள் கோடைகால முகாம் பட்டியலைப் பெப்ரவரி, மார்ச் அளவில் வெளியிடும். ஓகஸ்ட் முகாமின் விவரம் ஜனவரிக்குள் போய்ச் சேர வேண்டும் என்றால், ஊர்க் கூட்டத்தை ஒக்டோபரிலேயே கூட்டுங்கள்.

நான்காம் படி: அனுமதியும் விசாவும்

கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், பொலிஸ் நிலையம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகிய நான்கு இடங்களுக்கும் ஒரே கடிதம் போகட்டும். என்ன வேலை, எந்த நாட்கள், எத்தனை பேர், எங்கே தங்குவார்கள், பொறுப்பாளர் யார். ஒவ்வொரு பிரதியிலும் பெற்றுக்கொண்ட முத்திரையும் திகதியும் வாங்குங்கள். பாடசாலைக் கட்டடத்தில் தங்கவைப்பதற்கு அதிபரின் வாய்ச்சொல் போதாது, வலயக் கல்வி அலுவலகத்தின் எழுத்து வேண்டும். விடுமுறையிலும் பரீட்சை நிலையமாக அந்தப் பாடசாலை எடுக்கப்படக்கூடும் என்பதால் மாற்று இடமொன்றையும் பேசிவையுங்கள்.

விசாதான் அதிகம் வழுக்குகிற இடம். இலங்கையின் சுற்றுலா விசாவின் நிபந்தனை, சம்பளம் பெற்றோ பெறாமலோ எந்தத் தொழிலிலும் ஈடுபடக் கூடாது என்பது. ‘சும்மா உதவிதானே’ என்று விட்டுவிட்டால், ஒரு முறைப்பாடு போதும், இருபது வயதுப் பிள்ளை நாடு கடத்தப்படலாம். அழைப்பு அனுப்புவதற்கு முன், தேசிய மட்டத்தில் பதிவுபெற்ற அமைப்பொன்றின் ஊடாகக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் எந்த வகை விசா பொருந்தும் என்று எழுத்தில் கேளுங்கள். கிராமச் சங்கம் தனியே நின்று வெளிநாட்டவரை அழைப்பதைவிட, அப்படியொரு அமைப்போடு ஒப்பந்தம் செய்வது பாதுகாப்பு. அது தொண்டர் தெரிவையும் பார்த்துக்கொள்ளும்.

வந்து சேர்ந்த முதல் நாளே கடவுச்சீட்டு இலக்கம், விசா முடியும் திகதி, காப்புறுதி இலக்கம், வீட்டுத் தொடர்பு எல்லாம் ஒரு தாளில் சேர்த்து, ஒரு பிரதி பிரதேச செயலகத்துக்கும் ஒன்று பொலிஸுக்கும். கடவுச்சீட்டை வாங்கி நீங்கள் பூட்டிவைக்காதீர்கள். அது அவரவர் கையிலேயே இருக்க வேண்டும். வெளிநாட்டவர் பயணக் காப்புறுதியோடு வருவார்கள். உள்ளூர்ப் பிள்ளைக்கு மண்வெட்டி காலில் பட்டால் யார் பார்ப்பது? அவர்களுக்கும் குழு விபத்துக் காப்புறுதி எடுங்கள். அடிக்கடி மறக்கப்படுவது இதுதான்.

ஐந்தாம் படி: விவரத்தாள்

தொண்டர் உங்கள் ஊரைத் தெரிவு செய்வது இந்த ஒரு தாளை வைத்து. ‘சூழல் பாதுகாப்பும் கலாசாரப் பரிமாற்றமும்’ என்று மட்டும் எழுதினால், கடற்கரை விடுமுறை தேடுகிறவர் வந்து சேருவார். உள்ளதை எழுதுங்கள். காலை 6.30 முதல் 9.30 வரை, மாலை 4 முதல் 6 வரை வேலை. முழங்கால் சேறு. வெப்பம் 35 பாகை. நிலத்தில் மெத்தை, நுளம்பு வலை. குந்தும் மலசலகூடம். மூன்று வேளையும் சோறும் பிட்டும் இடியப்பமும். மது இல்லை. தோளும் முழங்காலும் மூடிய உடை. கடலில் தனியே இறங்கக் கூடாது. ட்ரோன் கொண்டு வரக் கூடாது, அதைப் பறக்கவிட இந்த நாட்டில் அனுமதி வேண்டும். இவ்வளவையும் படித்துவிட்டு வருகிறவர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

பன்னிரண்டு பேரை ஏற்றுக்கொண்டால் எட்டு ஒன்பது பேர் வருவார்கள் என்று ஆயத்தமாகுங்கள். விசா கிடைக்காமல், பணம் சேராமல் சிலர் விலகுவது வழமை. விமானச் சீட்டின் பிரதி கைக்கு வரும்வரை மெத்தையும் வலையும் வாங்காதீர்கள்.

கட்டுநாயக்காவிலிருந்து ஊர்வரை உள்ள பயணத்தை ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். ‘கொழும்பு கோட்டையில் இறங்கி மட்டக்களப்பு ரயிலைப் பிடியுங்கள்’ என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது. ரயில் ஓடாவிட்டால் எந்த பஸ், எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, தமிழிலும் சிங்களத்திலும் இடப்பெயர் எழுதிய ஒரு துண்டு. எல்லோரையும் ஒரே நேரத்தில் மட்டக்களப்பு நிலையத்துக்கு வரச்சொல்லி அங்கிருந்து வாகனம் பிடிப்பது மிகவும் சுலபம்.

ஆறாம் படி: உள்ளூர்க் குழு

உள்ளூரார் எண்ணிக்கை பாதிக்குக் கிட்ட இருக்க வேண்டும். குறைந்தால் வேலை செய்வது வெள்ளைக்காரர், வேலியோரம் நின்று பார்ப்பது ஊர் என்றாகிவிடும். பெண் பிள்ளைகள் சேர வேண்டுமானால் தாய் தகப்பனை வீட்டுக்குப் போய்க் காண வேண்டும். மாலை ஆறரைக்குள் வீட்டில் விடுவது யார், முகாமில் இருக்கும் பெண் பொறுப்பாளர் யார் என்று பெயர் சொல்லிச் சொன்னால் சம்மதம் கிடைக்கும். மாதர் சங்கத்திலிருந்து ஒருவரை அந்தப் பொறுப்பில் வையுங்கள்.

மொழிக்கு வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தையோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தையோ சேர்ந்த இரண்டு மாணவர் போதும். ஆனால் அவர்களை எந்நேரமும் மொழிபெயர்ப்பிலேயே கட்டிப்போட வேண்டாம். ஒரு வெளியூரார், ஒரு உள்ளூரார் என்று சோடி பிரித்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். குழி வெட்டுவதற்கு நாற்பது சொல் போதும். இரண்டாம் நாளிலேயே ‘கொஞ்சம் பொறு’, ‘தண்ணி’, ‘காணும்’ எல்லோர் வாயிலும் வந்துவிடும்.

கருவி இருவருக்கு ஒன்று என்பதே சரியான கணக்கு, ஒருவர் வெட்ட மற்றவர் அள்ளுவார். பதினெட்டுப் பேருக்கு மண்வெட்டி ஆறு, அலவாங்கு நான்கு, தாச்சி எட்டு, வாளி ஆறு, கத்தி நான்கு, கையுறை இருபது சோடி. கையுறையில் பெரிய அளவு பாதியாவது இருக்கட்டும், நமது கடைகளில் கிடைப்பவை பலருக்குக் கைக்குள் ஏறாது. மண்வெட்டிப் பிடியின் நீளமும் உயரமானவருக்கு முதுகை முறிக்கும், இரண்டு மூன்றுக்கு நீளப் பிடி போட்டுவையுங்கள்.

தங்குமிடம், தண்ணீர், அடுப்பு

ஆறு பேருக்கு ஒரு மலசலகூடம். ஆண் பெண் வேறாக. காகிதம் பாவிக்கிறவர்கள் அதைக் குழிக்குள் போட்டால் மூன்றாம் நாள் அடைக்கும். மூடியுள்ள வாளி ஒவ்வொன்றுக்குள்ளும் வைத்து, தினமும் எரிப்பதற்கோ புதைப்பதற்கோ முறை போடுங்கள். வேறு மூடியுள்ள வாளி ஒன்று பெண்கள் பகுதியில் கட்டாயம்.

பதினைந்து பேருக்குக் குடிதண்ணீர் நாளுக்கு 75 லீற்றர், ஆளுக்கு ஐந்து வீதம். 19 லீற்றர்ப் போத்தல் நான்கு. குளிக்க, கழுவ 1,000 லீற்றர்த் தாங்கி ஒன்றை நாள்தோறும் நிரப்ப வேண்டும். கிணறு வற்றும் ஊரானால் பிரதேச சபையிடம் தண்ணீர்ப் பவுசரை முன்பே எழுதிக் கேளுங்கள். முகாமுக்காக ஊரின் கிணற்றை இறைத்து வற்றவைத்தால், அந்தக் கோபம் நியாயமானது.

சமையலைக் கூலிக்கு ஒரு அம்மாவிடம் கொடுத்து, தொண்டர் இருவரை உதவிக்கு விடுவது நல்லது. ஊர்ப் பெண்களின் இலவச உழைப்பில் முகாம் ஓடக் கூடாது. அரிசி வெளிநாட்டவருக்கு வேளைக்கு 100 முதல் 120 கிராம், நமது பிள்ளைகளுக்கு 180. காரத்தைக் குறைத்துத் தனிக்கறி ஆக்குவதைவிட, பூசணியோ உருளைக்கிழங்கோ போட்டுத் தேங்காய்ப்பாலில் பாலாணம் வைத்தால் எல்லோரும் சாப்பிடுவார்கள். சைவம் என்று எழுதியவர் தட்டில் மாசிக் கருவாடு கலந்த சம்பல் போவது அடிக்கடி நடக்கும் பிழை. சம்பலை இரண்டாக அரையுங்கள். பாலும் தயிரும்கூடத் தவிர்ப்பவர் இருப்பார்கள். கச்சான் கடலை, இறால், நண்டு ஒவ்வாமையைப் பெயரோடு எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்தால் இறைச்சி முழுவதும் ஹலால் கடையிலிருந்தே வரட்டும், இரண்டு அடுப்பு வேண்டாம். முதல் மூன்று நாளும் பச்சை மரக்கறியும் ஐஸ் கட்டியும் கொடுக்காதீர்கள், வயிறு பழகட்டும்.

உடலும் பாதுகாப்பும்

இலவச அம்புலன்ஸ் 1990. பொலிஸ் 119. சிறுவர் தொடர்பான முறைப்பாட்டுக்கு 1929, பெண்களுக்கு 1938. இந்த நான்கும் எல்லோருடைய கைப்பேசியிலும் முதல் நாளே பதிய வேண்டும்.

பாம்பு கடித்தால் கட்டுப் போட்டு இறுக்காமல், கீறாமல், உடலை அசைக்காமல் அரசாங்க வைத்தியசாலைக்கு. கண்ணாடி விரியன் நமது வயல்வெளிகளில் உண்டு. நச்சு முறிவு மருந்து அரசாங்க வைத்தியசாலையில்தான் நம்பிக்கையாகக் கிடைக்கும். நாய் கீறினாலும் அப்படியே, காயத்தைச் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே போக வேண்டும். வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற் முப்பது வாங்கிவையுங்கள். வெயிலில் தலைசுற்றி வேர்வை நின்றுபோனவரை நிழலில் கிடத்தி நனைத்துக்கொண்டே 1990ஐ அழையுங்கள், அது வெறும் களைப்பு அல்ல. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனை. டெங்கு என்ற ஐயம் இருக்கும்வரை பரசிற்றமோல் மட்டும், வேறு வலிமருந்து வேண்டாம். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. மலேரியா உள்ள நாட்டிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால் அந்த நாட்டின் பெயரை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

படுவான்கரையிலும் அம்பாறையின் உட்பகுதியிலும் இருட்டிய பிறகு நடமாட்டம் கூடாது, யானை வரும். வாவியில் முதலை உண்டு. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நீந்தவே கூடாது, நீரோட்டம் வெளியே இழுக்கும். குளிப்பதற்குப் பாசிக்குடாவின் ஆழமில்லாத கடலை ஓய்வு நாளில் வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளின் படம் எடுப்பதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், இணையத்தில் போடுவதற்கு வேறாகக் கேட்க வேண்டும். போரிலும் சுனாமியிலும் யாரை இழந்தீர்கள் என்று வீடு வீடாகக் கேட்கும் ‘கதை சேகரிப்பு’ நிகழ்ச்சி எதையும் வைக்காதீர்கள். யாராவது தானாகச் சொன்னால் கேட்கலாம், பதிவு செய்யக் கூடாது.

காசும் கணக்கும்

தொண்டர் செலுத்தும் முகாம் கட்டணம் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் மட்டும் சரிவரும். சீமெந்து, பூச்சு, தூண் ஆகியவற்றுக்கான பணம் முகாம் அறிவிக்கும் முன்பே சங்கத்தின் கணக்கில் இருக்க வேண்டும். ‘வருகிறவர்கள் ஏதாவது தருவார்கள்’ என்ற எதிர்பார்ப்பில் தொடங்கிய முகாம்கள் பொருள் வாங்கக் காசில்லாமல் ஐந்தாம் நாளில் வெறுங்கையோடு நிற்கும். இரண்டு பேர் கையொப்பமிடும் கணக்கு, ஒவ்வொரு செலவுக்கும் பற்றுச்சீட்டு. வரவு செலவைத் தமிழில் பெரிய தாளில் எழுதி வாசிகசாலைச் சுவரில் மூன்று நாளுக்கு ஒருமுறை ஒட்டுங்கள். வெளிநாட்டவர் வந்த ஊரில் பணத்தைப் பற்றிய வதந்தி ஒரே இரவில் பரவும். தொண்டர் யாராவது தனிப்பட்ட முறையில் ஒரு குடும்பத்துக்குக் காசு கொடுக்க விரும்பினால், சங்கத்தின் ஊடாக, பற்றுச்சீட்டோடு, பொதுவேலைக்கு என்று முதல் நாளே விதியாகச் சொல்லிவிடுங்கள்.

முடிந்த பிறகு

கடைசி நாளில் கருவிகளை எண்ணி, கழுவி, எண்ணெய் பூசி, கடன் வாங்கிய வீட்டில் ஒப்படையுங்கள். மிஞ்சிய பூச்சின் நிற இலக்கத்தை முன்பள்ளி ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள், அடுத்த வருடம் திருத்தப் பூச அது வேண்டும். பிரியாவிடை மேடையில் நேரத்தைச் செலவழிப்பதைவிட, பராமரிப்பு யார் கையில் என்று மூன்று பெயர் எழுதிக் கையொப்பம் வாங்குவது முக்கியம்.

பனையோ கண்டலோ வைத்திருந்தால் மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில் எண்ணுங்கள். எத்தனை வைத்தது, எத்தனை உயிரோடு, செத்தவை எதனால் என்ற மூன்று வரியை வந்துபோன எல்லோருக்கும் அனுப்புங்கள். எண்ணிக்கை பாதிக்குக் கீழே விழுந்தால் அடுத்த வருடம் அதே இடத்தில் அதே வேலைக்கு முகாம் கோராதீர்கள். முதலில் மட்டத்தையும் மாட்டையும் பாருங்கள்.

முகாம் முடிந்த கிழமையிலேயே மாதர் சங்கத்தையும் மீனவர் சங்கத்தையும் வேறு வேறாக, வெளியார் இல்லாமல் கூட்டிக் கேளுங்கள். தண்ணீர், சத்தம், உடை, காசு என்று எதில் மனம் நொந்தது? பொதுக்கூட்டத்தில் சொல்லாததை அங்கே சொல்வார்கள். அந்தக் குறிப்பு அடுத்த விவரத்தாளுக்குள் போக வேண்டும்.